குட் லக் எப்போது, யாரிடம்? ஆங்கிலத்தில் அதிர்ஷ்டம் பேசப் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு ‘ஆல் த பெஸ்ட்’ சொல்ல நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. திருநீறு பூசிவிடுகிற பாட்டிகூட அதைச் சொல்லிவிடுவார். சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது. வெளிநாட்டு ஆட்களோடு வேலை பார்க்கும்போதோ, மேற்படிப்புக்குப் போன ஊரில் வாடகைக்கு வீடு தேடும்போதோ, அதிர்ஷ்டத்தைச் சுற்றி மட்டும் ஆங்கிலத்தில் இத்தனை சொற்றொடர்களா என்று மலைப்பாக இருக்கும். அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ‘நல்வாய்ப்பு, நற்பேறு’ என்று போட்டிருப்பான். அதை வைத்துக்கொண்டு எதை எங்கே சொல்வது என்று ஒருவரும் முடிவுசெய்ய முடியாது.

என் யோசனை இதுதான்: இவற்றை அர்த்தத்தை வைத்துப் படிக்காதீர்கள், நேரத்தை வைத்துப் படியுங்கள். காரியம் தொடங்குவதற்கு முன் சொல்பவை சில, முடிவு தெரியாமல் காத்திருக்கும்போது சொல்பவை சில, முடிவு வந்த பிறகு சொல்பவை சில. அதோடு, உங்களைப் பற்றிச் சொல்கிறீர்களா அடுத்தவரைப் பற்றிச் சொல்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் மாறிப் போட்டால் இலக்கணத்தில் ஒரு குறையும் இருக்காது, எதிரில் இருப்பவர் முகம் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிடும்.

முதலில் லக், லக்கி இரண்டையும் பிரியுங்கள்

தமிழில் ‘எனக்கு அதிர்ஷ்டம் இருக்கு’ என்கிறோம். அதை அப்படியே ‘ஐ ஹேவ் லக்’ என்று ஆக்கினால் புரியும், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘ஐ ஆம் லக்கி’ என்பார்கள். நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி என்றால் ‘ஐ வாஸ் லக்கி’, இன்னும் சாதாரணமாக ‘ஐ காட் லக்கி’. ‘ஹீ ஈஸ் ஹேவிங் குட் லக்’ என்று நம் ஊரில் அடிக்கடி காதில் விழுகிறது, அதை விட்டுவிடுங்கள். ‘ஹீ ஈஸ் லக்கி’ போதும்.

லக் என்பது எண்ண முடியாத சொல். அதனால் ‘எ குட் லக்’ கிடையாது, ‘லக்ஸ்’ கிடையாது. ஒரு தடவை நடந்த ஒரு நல்லதைக் குறிப்பிட வேண்டுமென்றால் ‘எ பிட் ஆஃப் லக்’ அல்லது ‘எ ஸ்ட்ரோக் ஆஃப் லக்’ என்று முன்னால் ஒரு அளவுச் சொல்லைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது கொஞ்சம் பெரிய சமாச்சாரத்துக்கு, எதிர்பாராமல் ஒரே அடியாக வந்ததற்கு.

லக்கிக்குப் பின்னால் என்ன வரும் என்பதையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். ‘ஐ வாஸ் லக்கி டு கெட் எ சீட்’ என்று டு போட்டு வினைச்சொல் வரலாம். கொஞ்சம் அடக்கமாகச் சொல்ல ‘ஐ வாஸ் லக்கி இனஃப் டு ஸ்டடி தேர்’. பொருளோடு சேர்க்க வித்: ‘வீ வேர் லக்கி வித் த வெதர்’, அதாவது போன இடத்தில் மழை பிடிக்கவில்லை, தப்பித்தோம். வாக்கியத்தை ‘லக்கிலி’ என்று தொடங்கினால் ‘நல்லவேளை’ என்று நாம் சொல்வது அப்படியே கிடைத்துவிடும். இந்த ‘நல்லவேளை’ ஒன்றைப் பழகிக்கொண்டாலே பாதிப் பேச்சு ஓடிவிடும். அலுவலகக் கடிதத்தில் லக்கிலிக்குப் பதிலாக ஃபார்ச்சுனேட்லி.

ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. ‘ஹேப்பி கோ லக்கி’ என்றால் அதிர்ஷ்டசாலி என்று பொருள் இல்லை. நாளைக்கு என்ன ஆகும் என்ற கவலையே இல்லாமல் திரிகிற ஆள். வேலைக்கான விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் எ ஹேப்பி கோ லக்கி பர்சன்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பொறுப்பில்லாதவன் என்று தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும், வேண்டாம்.

லக் என்ற சொல்லே ஆங்கிலத்துக்குள் 15ஆம் நூற்றாண்டில், டச்சு அல்லது வட ஜெர்மன் பேச்சிலிருந்து, பெரும்பாலும் சூதாட்டச் சொல்லாக வந்ததாகச் சொல்கிறார்கள். கீழே வரும் சொற்றொடர்களில் சீட்டுக்கட்டும் பில்லியர்ட்ஸும் அடிக்கடி தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ‘யோகம்’, ‘சுக்கிர திசை’, ‘கொடுப்பினை’ எல்லாம் பிறந்த நேரத்தையும் முன்வினையையும் பார்க்கிறவை. அவர்களுக்கும் ‘பார்ன் அண்டர் எ லக்கி ஸ்டார்’, ‘தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்’ என்று நட்சத்திரக் கணக்கு உண்டுதான், ஆனால் அன்றாடப் பேச்சில் ஆட்டத்து வாடைதான் அதிகம்.

காரியத்துக்கு முன்

‘குட் லக்’. எல்லா ஊரிலும், எல்லாரிடமும் செல்லும். ‘பெஸ்ட் ஆஃப் லக்’ அதைவிடக் கொஞ்சம் கனமானது. தடுமாறுவது பின்னால் வரும் சின்னச் சொல்லில்தான். இன்டர்வியூவுக்கு ‘குட் லக் வித் த இன்டர்வியூ’. நாளைக்கு என்று நாளைச் சொன்னால் ‘குட் லக் ஃபார் டுமாரோ’, இது பிரிட்டிஷ் பேச்சு. பரீட்சைக்கு லண்டனில் ‘இன் யுவர் எக்ஸாம்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ஆன் யுவர் டெஸ்ட்’. எது என்று சந்தேகம் வந்தால் வித் போட்டுவிடுங்கள், எங்கேயும் தப்பாகாது.

‘ஆல் த பெஸ்ட்’ விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டில் பரீட்சை, மேட்ச், பொண்ணு பார்க்கப் போவது, எல்லாவற்றுக்கும் அதுதான். வெளியே, குறிப்பாக அமெரிக்காவில், அது பெரும்பாலும் விடைபெறும்போது சொல்வது, கடிதத்தின் அடியில் எழுதுவது. தப்பு இல்லை, புரிந்துகொள்வார்கள். ஆனால் காலையில் பிரசென்டேஷனுக்குப் போகிற அமெரிக்க சக ஊழியரிடம் அதைச் சொன்னால், நீங்கள் எங்கேயோ ஊரைவிட்டுப் போகிற மாதிரி ஒரு தொனி அவருக்குக் கேட்கலாம். குட் லக் சொல்லிவிடுவது நல்லது. அல்லது ‘யூ ஹேவ் காட் திஸ்’. ‘உன்னால முடியும் போ’ என்று முதுகில் தட்டுகிறோமே, அது இதுதான், அதிர்ஷ்டத்தை இழுக்காமல் ஆளை நம்பிச் சொல்வது. எனக்கு இது கொஞ்சம் அமெரிக்கத்தனமாகப் படும், ஆனால் இளைஞர்களிடம் நன்றாக எடுபடுகிறது.

உங்களுக்கு யாராவது குட் லக் சொன்னால் ‘தேங்க்ஸ்’. அவரும் அதே பரீட்சைக்கோ போட்டிக்கோ போகிறவராக இருந்தால் மட்டும் ‘தேங்க்ஸ், யூ டூ’. ‘சேம் டு யூ’ என்பது நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே நாக்கில் ஒட்டிக்கொண்டது. பொங்கல் வாழ்த்துக்குச் சரி, எங்கும் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவரிடம் சொன்னால் அவர் முழிப்பார். காரியம் கடினமானது என்று இருவருக்குமே தெரிந்தால் ‘தேங்க்ஸ், ஐ வில் நீட் இட்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். நீங்களாகவே வாழ்த்துக் கேட்க ‘விஷ் மீ லக்’.

இனி ‘பிரேக் எ லெக்’. மேடைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் சொல்கிற வாழ்த்து. நடிகர், பாடகர், நடனம் ஆடுகிறவர், இப்போது பேச்சாளர்கள்வரை இழுத்துவிட்டார்கள். காலை உடை என்று எப்படி வாழ்த்தாக ஆயிற்று? நல்லதை நேராகச் சொன்னால் அது நடக்காது, கெட்டதைச் சொல்லி ஏமாற்ற வேண்டும் என்ற நாடகக்காரர் நம்பிக்கைதான் காரணம் என்கிறார்கள். அழகான குழந்தையின் கன்னத்தில் கறுப்பாகப் பொட்டு வைத்து அனுப்புகிற ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இருக்காது. லிங்கனைச் சுட்ட நடிகர் ஜான் வில்க்ஸ் பூத் 1865 ஏப்ரல் 14 அன்று ஃபோர்ட்ஸ் தியேட்டர் மேடையில் குதித்துக் காலை உடைத்துக்கொண்டதிலிருந்து வந்தது என்று ஒரு கதை இணையம் முழுக்கச் சுற்றுகிறது. நம்ப வேண்டாம், இந்த வாழ்த்து எழுத்தில் கிடைப்பது 20ஆம் நூற்றாண்டில்தான். ஜெர்மன்காரர்கள் ‘கழுத்தும் காலும் முறியட்டும்’ என்று வாழ்த்துவது உண்டு, அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மேடையிலேயே ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. ஆஸ்திரேலிய நாடகக்காரர்கள் ‘சூக்காஸ்’ என்பார்கள். பாலே ஆடுகிறவர்கள் பிரெஞ்சில் மலத்தைக் குறிக்கும் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி வாழ்த்திக்கொள்வார்கள். ஆபரா பாடகர்களிடம் ‘டோய் டோய் டோய்’. இது மூன்று முறை எச்சில் துப்புகிற சத்தம். உப்பு மிளகாய் சுற்றிவிட்டு ‘தூ தூ தூன்னு துப்பு’ என்று நம் வீட்டில் சொல்வார்களே, ஏறக்குறைய அதேதான், தீய பார்வையை விரட்டத்தான்.

ஆனால் பிரேக் எ லெக்கை மேடைக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். கால்பந்து ஆடப் போகிறவரிடமோ, மாரத்தான் ஓடப் போகிறவரிடமோ சொல்லிப் பாருங்கள், அவர் குனிந்து தன் முழங்காலைப் பார்ப்பார். தூண்டில் போடப் போகிறவருக்கு ‘டைட் லைன்ஸ்’ என்று தனி வாழ்த்து இருக்கிறது, தூண்டில் நரம்பு விறைப்பாக இழுபடட்டும் என்று. தெரிந்து வைத்திருந்தால் பிரிட்டிஷ் மேலதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்கப் போகிறார் என்னும்போது அசத்தலாம், அதற்கு மேல் பயனில்லை.

எங்கே குட் லக்கே கூடாது என்று ஒரு பட்டியலும் மனதில் இருக்கட்டும். ஆபரேஷனுக்குப் போகிறவரிடம், அவர் வீட்டாரிடம் குட் லக் சொன்னால், பிழைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்கிற மாதிரி ஒலித்துத் தொலைக்கும். ‘ஐ ஹோப் இட் ஆல் கோஸ் வெல்’ என்பது இதமானது. பிரசவத்துக்கும் இதுவே. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடம் குட் லக் என்றால் கேலி செய்கிறீர்கள் என்று அர்த்தம், நெருங்கிய நண்பன் மட்டும் செய்யலாம், மற்றவர்களுக்கு ‘கங்கிராஜுலேஷன்ஸ்’.

கேலி என்றதும் இன்னொன்று. ‘குட் லக் வித் தட்’. வித் போட்டால் எங்கும் தப்பாகாது என்று மேலே சொன்னேன், பின்னால் வெறும் தட் வரும்போது மட்டும் உஷாராக இருங்கள். அழுத்தம் கொடுத்து, புருவத்தைத் தூக்கிச் சொன்னால் ‘நடந்த மாதிரிதான்’ என்று பொருள். வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரும்வரை காத்திருக்கிறேன் என்று நீங்கள் சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர் குட் லக் வித் தட் என்று பதில் சொன்னால், அது வாழ்த்து இல்லை. பிரிட்டிஷ்காரர்களின் ‘யூ வில் பீ லக்கி’, ‘தி பெஸ்ட் ஆஃப் பிரிட்டிஷ்’ இரண்டும் இந்த ரகம்தான், மேலுக்கு வாழ்த்து, உள்ளே ‘கிழிச்சே’. குரலைக் கேட்டால் பிடிபட்டுவிடும். எழுத்தில் வந்தால்தான் கஷ்டம். அதேபோல நிறுவனத்திலிருந்து வரும் மின்னஞ்சல் ‘வீ விஷ் யூ த பெஸ்ட் ஆஃப் லக்’ என்று முடிந்திருந்தால் மேலே படிக்கவே வேண்டாம், வேலை இல்லை என்று அர்த்தம்.

முடிவு தெரியாத நடுவில்

சென்னையில் ஒரு ஐடி அலுவலகத்தில் இப்படி ஒரு காட்சியை வைத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து அழைப்பு. அங்கிருக்கும் மேலாளர் கேட்கிறார், ‘எனி லக் வித் த பேமென்ட் இஷ்யூ?’ புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சுருக்கென்று இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கண் விழித்து அதைச் சரிசெய்ததே அவன்தான், இவர் என்னவென்றால் லக்கா என்று கேட்கிறார். ரோஷத்தோடு, ‘நோ லக் சார், ஒன்லி ஹார்ட் வொர்க்’ என்கிறான். லைன் கொஞ்சம் விட்டுவிட்டுக் கேட்கிறது, அவர் காதில் முதல் பாதி மட்டும் விழுகிறது. ‘ஓ டியர். கீப் ட்ரையிங்’ என்று சொல்லி வைத்துவிடுகிறார். முடிந்த வேலை முடியாத வேலை ஆகிவிட்டது.

‘எனி லக்?’ என்றால் ‘ஏதாவது ஆச்சா? கிடைச்சுதா?’ அவ்வளவுதான். அதிர்ஷ்டத்துக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமே இல்லை. தொலைந்த சாவியைத் தேடும்போது ‘எனி லக்?’, வீடு பார்க்கும்போது ‘எனி லக் வித் த ஃபிளாட்?’, ஒருவரை ஃபோனில் பிடிக்க முயலும்போதும் இதே. கிடைக்கவில்லை என்றால் ‘நோ லக்’, இன்னும் நம்பிக்கை இருந்தால் ‘நோ லக் யெட்’. கிடைத்துவிட்டால் ‘யெஸ், ஃபவுண்ட் இட்’ என்று விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ‘யெஸ், ஐ ஹேட் லக்’ என்று சொல்வதில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் இந்த எனி லக்கைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் இது வருவதே இல்லை, வேலையிடத்தில் வராத நாளே இல்லை.

அடுத்தது ‘ஃபிங்கர்ஸ் கிராஸ்ட்’, ‘டச் வுட்’. இந்த இரண்டையும் நம்மவர்கள் போட்டுக் குழப்புவது கொஞ்சநஞ்சமில்லை. சுலபமான வழி சொல்கிறேன். ஃபிங்கர்ஸ் கிராஸ்ட் முன்னால் பார்ப்பது: இனி நடக்க வேண்டியது நல்லபடியாக நடக்கட்டும். டச் வுட் பின்னால் பார்ப்பது: இதுவரை நல்லபடியாக நடந்திருக்கிறது, அதைச் சொல்லி நானே கண் வைத்துவிடக் கூடாது. ரிசல்ட் நாளைக்கு வருகிறது என்றால் ‘ஃபிங்கர்ஸ் கிராஸ்ட்’. ‘இந்தப் பைக்கை வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூட மக்கர் பண்ணலை’ என்று சொன்ன வாயோடு சேர்த்து ‘டச் வுட்’. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளையிடம் டச் வுட் என்றால் பொருந்தாது.

டச் வுட் பிரிட்டிஷ் வழக்கம், நமக்கு வந்தது அவர்களிடமிருந்துதான். அமெரிக்கர்கள் ‘நாக் ஆன் வுட்’ என்பார்கள், சொல்லிக்கொண்டே மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். அருகில் மரமே இல்லை என்றால் தன் தலையைத் தட்டிக்கொள்கிற நகைச்சுவை எல்லா ஊரிலும் இருக்கிறது. மரத்தில் குடியிருக்கும் தேவதைகளை எழுப்புவது என்று அழகாக விளக்கம் சொல்வார்கள். ஆனால் பிரிட்டனில் மரத்தைத் தொட்டால் அவுட் ஆக முடியாது என்கிற ஒரு பிள்ளைகள் விளையாட்டு 19ஆம் நூற்றாண்டில் இருந்தது, அதிலிருந்து வந்திருக்கலாம் என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஃபிங்கர்ஸ் கிராஸ்டை அடுத்தவருக்காகவும் சொல்லலாம். ‘ஐ வில் கீப் மை ஃபிங்கர்ஸ் கிராஸ்ட் ஃபார் யூ’ என்றால் ‘உனக்காக வேண்டிக்கிறேன்’ என்பதற்குப் பக்கத்தில் வரும், சாமி மட்டும் இருக்காது. ஆள்காட்டி விரல்மேல் நடுவிரலை ஏற்றிக் காட்டும் அந்தக் கைக்கு 2016இல் யூனிகோடில் ஓர் எமோஜியும் வந்துவிட்டது, வாட்ஸ்அப்பில் பதில் போட அது மட்டுமே போதும். இரண்டு எச்சரிக்கை: முதுகுக்குப் பின்னால் விரலைப் பின்னிக்கொண்டு பேசினால் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம், வியட்நாமில் அந்தச் சைகையே ஆபாசம், அங்கத்திய வாடிக்கையாளர் இருந்தால் கையை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். எமோஜியில் இன்னொரு சின்ன விஷயம், நாலு இலை இருக்கிற க்ளோவர்தான் அதிர்ஷ்டத்துக்கு, மூணு இலை இருப்பது அயர்லாந்துக்கு.

‘டோன்ட் ஜின்க்ஸ் இட்’ என்பதையும் இங்கேயே சேர்த்துவிடலாம். கடைசி ஓவரில் ஆறு ரன் வேண்டும், யாரோ ஒருவர் ‘ஜெயிச்சாச்சு’ என்கிறார், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ‘டேய், வாயை வைக்காதே’ என்று கத்துவார்களே, அந்த இடம். ‘டோன்ட் புஷ் யுவர் லக்’ வேறு. மேலாளர் இரண்டு நாள் லீவு கொடுத்துவிட்டார், கையோடு திங்கட்கிழமையையும் சேர்த்துக் கேட்கிறீர்கள், அப்போது அவர் சொல்வது. கிடைத்தது போதும், இதற்கு மேல் இழுக்காதே. சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது எச்சரிக்கைதான்.

முடிவு வந்த பிறகு

இங்கேதான் உறவு கெடுகிற இடம். ஒரே விதி: லக்கி என்பதை உங்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள், அடுத்தவர் உழைத்து வாங்கியதைப் பற்றிச் சொல்லாதீர்கள். ‘ஐ காட் லக்கி’ என்று நீங்கள் சொன்னால் அடக்கம். பதவி உயர்வு வாங்கிய சக ஊழியரிடம் ‘யூ காட் லக்கி’ என்றால், உன்னிடம் சரக்கு இல்லை, ஏதோ கிடைத்துவிட்டது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அவருக்கு ‘வெல் டிசர்வ்ட்’ அல்லது ‘குட் ஃபார் யூ’. அவர் உழைப்பே இல்லாமல் வந்தது, லாட்டரி, இலவச டிக்கெட், ஜன்னல் ஓர சீட், இவற்றுக்கு ‘லக்கி யூ!’ தாராளமாகச் சொல்லலாம், ‘கொடுத்து வச்சவர்தான் போங்க’ என்கிற மாதிரி. நெருங்கிய நண்பனுக்கு ‘யூ லக்கி டெவில்’. நம் ‘மச்சக்காரன்டா நீ’ அப்படியே உட்காருகிற இடம் இது. பிரிட்டனில் இதே பொறாமை கலந்த பாராட்டுக்கு ‘ஜாமி’ என்று ஒரு சொல் உண்டு, அமெரிக்கரிடம் சொன்னால் விழிப்பார்.

‘காட் லக்கி’யில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ராத்திரி பார்ட்டிக்குப் போய்வந்த ஒருவரைப் பற்றி ‘ஹீ காட் லக்கி’ என்றால் அங்கே யாரோடோ இரவைக் கழித்தார் என்று பொருள். அதனால் எதில் லக்கி என்று சேர்த்தே சொல்லிப் பழகுங்கள், ‘ஐ காட் லக்கி வித் த டிக்கெட்ஸ்’ என்பது மாதிரி.

‘ஃப்ளூக்’ பற்றியும் அதே எச்சரிக்கைதான். 1850களில் பில்லியர்ட்ஸ் மேஜையில் குறி வைக்காமலே குழியில் விழுந்த பந்துக்கு வைத்த பெயர் அது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. தன்னைப் பற்றிச் சொன்னால் நயம், அடுத்தவரைச் சொன்னால் அவமானம். ‘பிகினர்ஸ் லக்’ கொஞ்சம் செல்லமானது. முதல் தடவை கேரம் ஆடுகிறவர் உங்களைத் தோற்கடித்துவிட்டால் தோற்றவருக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அந்தச் சொல்தான்.

பெரிய தொகை, பெரிய வாய்ப்பு என்றால் ‘ஹிட் த ஜாக்பாட்’. இது நமக்கும் பழக்கம், ஜாக்பாட் அடிச்சிட்டான் என்று தமிழிலேயே சொல்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் போக்கர் ஆட்டத்தில், யார் கையிலாவது குறைந்தபட்சம் ஒரு ஜோடி ஜாக் வரும்வரை பந்தயத்தைத் தொடங்க முடியாது, அதுவரை நடுவில் பணம் சேர்ந்துகொண்டே போகும். அந்தக் குவியல்தான் ஜாக்பாட். ‘விண்ட்ஃபால்’ வேறு மாதிரி. காற்றடித்துத் தானாக விழுந்த பழம், பறிக்க வேண்டியதில்லை. எதிர்பாராமல் கைக்கு வரும் பணம். செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த சொல்லாகவே இருக்கும்: 2022 ஜூலையில் கச்சா எண்ணெய்மீது இந்திய அரசு விண்ட்ஃபால் டாக்ஸ் போட்டு, 2024 டிசம்பரில் எடுத்தது. உலகச் சந்தையில் விலை ஏறியதால் எண்ணெய் நிறுவனங்களுக்குத் தானாக விழுந்த லாபத்துக்கு வரி என்று அர்த்தம்.

பணம் இல்லாமல், தேடாமல் ஒரு நல்ல விஷயம் கண்ணில் பட்டால் ‘செரண்டிபிட்டி’. இந்தச் சொல்லுக்குப் பிறந்த தேதியே இருக்கிறது. 1754 ஜனவரி 28 அன்று ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு கடிதத்தில் தானே உண்டாக்கிப் போட்டார். செரண்டிப் நாட்டு இளவரசர்கள் மூவர் தேடாததையெல்லாம் தற்செயலாலும் புத்தியாலும் கண்டுபிடிப்பதாக ஒரு கதை படித்தாராம், அதிலிருந்து. செரண்டிப் என்பது வேறெதுவும் இல்லை, அரபிகள் இலங்கைக்கு வைத்திருந்த பெயர். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து திரும்பியபோது ஒரு தட்டில் பூஞ்சை பிடித்து, அதைச் சுற்றிப் பாக்டீரியா செத்துக் கிடந்ததே, பெனிசிலின் கதை, அதற்கு இந்தச் சொல்லைத்தான் போடுவார்கள். பேச்சில் அதிகம் வராது, எழுத்தில் வரும். பஸ் சீக்கிரம் வந்ததற்கெல்லாம் செரண்டிபிட்டி என்றால் கொஞ்சம் அலட்டலாக இருக்கும்.

‘ஜஸ்ட் மை லக்’ என்பதைக் கேட்டுவிட்டு வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள். அது ‘நம்ம ராசி அப்படி’ என்று நொந்துகொள்வது. குடை எடுத்து வராத அன்றைக்குத்தான் மழை கொட்டும், அப்போது சொல்வது. ‘அஸ் லக் வுட் ஹேவ் இட்’ நல்லதுக்கும் வரும் கெட்டதுக்கும் வரும், வாக்கியத்தை முழுசாகக் கேட்டால்தான் தெரியும். கிடைக்காமல் போன ஒருவரைத் தேற்ற ‘பேட் லக்’, ‘ஹார்ட் லக்’ இரண்டும் நல்லவை. ‘டஃப் லக்’ வேண்டாம், ‘அதுக்கு நான் என்ன பண்ண’ என்று கேட்டுவிடும். ‘பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்’ பரிசுச்சீட்டு சுரண்டும் அட்டையில் அச்சடித்து அச்சடித்துத் தேய்ந்துபோன ஒன்று, நேரில் சொல்லும்போது கொஞ்சம் இதமான குரலில் சொல்லுங்கள்.

இனி நீங்களே சொல்லிப் பாருங்கள்

பதிலை மறைத்துக்கொண்டு யோசியுங்கள். நண்பர் இரண்டு முறை டிரைவிங் டெஸ்டில் தோற்று மூன்றாவது தடவை போகிறார்: ‘தேர்ட் டைம் லக்கி!’ அமெரிக்கராக இருந்தால் ‘தேர்ட் டைம் ஈஸ் த சார்ம்’. கூட வேலை பார்ப்பவரின் அப்பாவுக்கு நாளைக்கு பைபாஸ்: ‘ஐ ஹோப் இட் ஆல் கோஸ் வெல்’. உங்கள் அணிப் பந்துவீச்சாளர் போட்ட பந்து ஸ்டம்புக்கு மயிரிழை தள்ளிப் போகிறது: மைதானத்தில் ‘அன்லக்கி!’ என்று கத்தலாம், திட்டு இல்லை, நல்ல பந்துதான் என்ற பாராட்டு அது. தங்கை பள்ளி நாடகத்தில் நடிக்கப் போகிறாள்: பிரேக் எ லெக், ஆனால் அம்மா காதில் விழாத தூரத்தில். விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள், மேலாளர் வழியில் பார்த்து ‘எனி லக் வித் த விசா?’ என்கிறார்: வந்துவிட்டது என்றால் ‘யெஸ், இட் கேம் த்ரூ யெஸ்டர்டே’, வரவில்லை என்றால் ‘நாட் யெட், ஃபிங்கர்ஸ் கிராஸ்ட்’.